கீரைப் பாத்தியில் வாடல் நோய்: சேலம், சேர்வராயன் மலைப் பகுதி விவசாயிகளின் கேள்விகளும் பதில்களும்

சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை, பாலக், கொத்தமல்லி, புதினா, மணத்தக்காளி போடுகிறவர்களும், மலையில் கோஸ், லெட்யூஸ் வைக்கிறவர்களும் பாத்தி வாடும்போது கேட்கிற கேள்விகள் இவை. சிறுகீரை ஏறக்குறைய 25 நாளில் பிடுங்கிவிடும் பயிர். வாடியதைப் பார்த்து மருந்து வாங்கி ஊற்றி, அது வேலை செய்வதற்குள் சந்தைக்குப் போகும் நாள் வந்துவிடும். அதனால் கீழே உள்ளதில் பெரும்பகுதி விதைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான்.

கீரை காலையில் நன்றாக நிற்கிறது, மதியம் தொங்கிவிடுகிறது. இது வாடல் நோயா?

உடனே அப்படிச் சொல்லிவிட முடியாது. சேலத்துச் சித்திரை வெயிலில் நோயே இல்லாத கீரையும் மதியம் தொங்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒருமுறையும் மறுநாள் விடியலில் ஒருமுறையும் பாருங்கள். பாத்தி முழுவதும் ஒன்றுபோலத் தொங்கி, இரவில் நிமிர்ந்துவிட்டால் அது தண்ணீர்க் குறை. அங்கொன்றும் இங்கொன்றுமாக, அல்லது ஒரு திட்டாக மட்டும் தொங்கி, விடியலிலும் நிமிராமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருக்கும்போதே செடி வாடுகிறது என்றால் கோளாறு வேரிலோ தண்டிலோ இருக்கிறது. அப்போது மேலும் தண்ணீர் விடுவது நோய்க்குத்தான் உதவும்.

பிடுங்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

முழுவதும் காய்ந்த செடியைப் பிடுங்காதீர்கள். அதில் அழுகலை உண்ணும் பூஞ்சாணங்கள் ஏறியிருக்கும், பார்வை ஏமாறும். வாட ஆரம்பித்த செடி மூன்று, பக்கத்தில் நன்றாக நிற்கும் செடி ஒன்று எடுங்கள். கையால் இழுத்தால் நுனி வேர் மண்ணிலேயே தங்கிவிடும். களைக்கொத்தால் அடிமண்ணோடு கிளப்பி, வாளித் தண்ணீரில் ஆட்டிக் கழுவுங்கள்.

முதலில் வேர். நல்ல வேர் வெள்ளையாக, உறுதியாக இருக்கும். பழுப்பாகி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருவினால் மேல்தோல் உறைபோலக் கழன்று நடுநரம்பு மட்டும் மிஞ்சினால் வேரழுகல். வேரில் மணிமணியாக முடிச்சுகள் இருந்து, தேய்த்தாலும் உதிராவிட்டால் வேர்முடிச்சு நூற்புழு. வெந்தயக்கீரையில் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பயறு வகைச் செடி. அதன் வேரில் இருக்கும் தழைச்சத்து முடிச்சு விரலால் தட்டினால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது நல்ல முடிச்சு.

அடுத்தது கழுத்து, அதாவது தண்டு மண்ணைத் தொடும் இடம். அங்கே நீர்கோத்த கறை, வெள்ளை நூல், கறுப்புப் பொடி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பிறகு கூர்மையான பிளேடால் கழுத்துக்கு ஒரு விரற்கடை மேலே சாய்வாக வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் பழுப்பு வளையமோ புள்ளிகளோ தெரிந்தால் நீர் ஏறும் குழாய்க்குள் பூஞ்சாணம் புகுந்துவிட்டது. நல்ல செடியையும் அதே உயரத்தில் வெட்டிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிவப்புத்தண்டு ரகங்களில் இயல்பான நிறத்தையே நோய் என்று நினைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

எந்த அடையாளம் எந்த நோயைக் காட்டும்?

அடியிலைகள் முதலில் மஞ்சளாகி, பல சமயம் செடியின் ஒரு பக்கம் மட்டும் வாடி, கழுத்தை வெட்டினால் உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் அது பியூசேரியம் வாடல். மண் சூடு 25 முதல் 30 டிகிரி வரை இருக்கும்போது வேகமாகப் பரவும் என்பதால் சேலம் சமவெளியில் ஆண்டின் பெரும்பகுதி அதற்குத் தோதான காலம்தான். மலையில், 20 முதல் 24 டிகிரிக் குளிர்ச்சியில், கிட்டத்தட்ட இதே அடையாளத்தோடு வருவது வெர்டிசிலியம். அதில் இலை விளிம்பிலிருந்து நரம்புகளுக்கு நடுவே ஆப்பு வடிவத்தில் மஞ்சள் இறங்கும்.

கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு படர்ந்து, அதன்மேல் கடுகளவு உருண்டைகள் இருந்தால் ஸ்கிளிரோஷியம் கழுத்தழுகல். உருண்டைகள் முதலில் வெள்ளையாக இருந்து பிறகு கடுகு நிறத்துக்கு மாறும். ஒவ்வொரு உருண்டையும் அடுத்த பயிருக்கான விதை. அதனால் செடியோடு சுற்றியுள்ள மேல்மண்ணையும் சேர்த்தே அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். வெறும் செடியை மட்டும் உருவினால் பாதி உருண்டை பாத்தியிலேயே கொட்டிவிடும்.

தண்டின் அடிப்பட்டை நார்நாராகக் கழன்று, உள்ளே கறுப்பு நுண்பொடி தூவியதுபோல இருந்தால் மேக்ரோபோமினா. வெயிலும் வறட்சியும் சேரும்போது, குறிப்பாக ஒரு வாரம் காயவிட்டுத் திடீரெனத் தண்ணீர் கட்டும் நிலங்களில் இது தலைதூக்கும். கழுத்தில் சிவந்த பழுப்பில் குழிவிழுந்து, தண்டு கம்பிபோல மெலிந்திருந்தால் ரைசக்டோனியா. கோஸ் நாற்றில் இது மிகத் தெளிவாகத் தெரியும்.

மழைக்காலத்தில் தண்டுக்கீரை நுனியிலிருந்து கீழ்நோக்கி அழுகி, அழுகிய இடத்தில் தலையில் கறுப்புப் புள்ளியோடு மெல்லிய முடிகள் நின்றால் அது கோயனிபோரா ஈர அழுகல். வேரில் குற்றமில்லை, நெருக்கமும் ஓயாத ஈரமும்தான் காரணம். கலைத்துவிட்டுக் காற்றோட்டம் கொடுத்தால் அடங்கும்.

பூஞ்சாணமே இல்லாமலும் இப்படி வாடுமா?

வாடும். மருந்துக் காசு வீணாவது பெரும்பாலும் இதில்தான்.

தண்டுக்கீரை, முளைக்கீரையில் தண்டுக் கூன்வண்டை முதலில் நினையுங்கள். வாடிய தண்டை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே குடைந்த பாதையும் கழிவும் கால் இல்லாத வெள்ளைப் புழுவும் இருக்கும். தண்டில் கணுபோல வீக்கமும் நீளவாக்கில் வெடிப்பும் வெளியிலேயே தெரியலாம். இதற்குப் பூஞ்சாணக்கொல்லி எதற்கு? புழு இருக்கும் செடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டு, வரப்பில் தானாக முளைத்து நிற்கும் காட்டுக்கீரையையும் ஒழியுங்கள். வண்டு அதில்தான் காத்திருக்கும். 25 நாளில் பிடுங்கும் சிறுகீரையில் இந்தத் தொல்லை குறைவு. தண்டுக்காக முற்றவிடும் பயிரில்தான் அதிகம்.

மணத்தக்காளி பச்சையாக இருக்கும்போதே மொத்தமாகத் துவண்டால் பாக்டீரியா வாடலைச் சோதியுங்கள். அடித்தண்டில் ஒரு விரல் நீளத் துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுமுகம் மட்டும் தண்ணீருக்குள் இருக்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து பால்போன்ற வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா. இதற்குப் பூஞ்சாணக்கொல்லி பலிக்காது. மணத்தக்காளி தக்காளி, கத்தரியின் குடும்பம் என்பதால், மேச்சேரி, ஓமலூர்ப் பக்கம் தக்காளி வாடிய நிலத்தில் அடுத்து மணத்தக்காளி வைப்பது நோய்க்குத் தீனி போடுவதுதான்.

விதைத்த ஒரு வாரத்தில் வட்டவட்டமாகச் சாய்கிறதே?

நாற்றழுகல். பித்தியம் என்ற நீர்விரும்பி பெரும்பாலும் காரணம், சில இடங்களில் ரைசக்டோனியா. கழுத்து நீர்கோத்து, நூலாகச் சுருங்கி, இலை பச்சையாக இருக்கும்போதே நாற்று படுத்துவிடும். வட்டம் நாளுக்கு நாள் அகலும்.

காரணம் விதைப்பிலேயே இருக்கிறது. கீரை விதை ஏக்கருக்கு ஒரு கிலோ போதும், அதாவது சென்டுக்கு 10 கிராம். கைக்கு அடங்காத சிறுவிதை என்பதால் பலர் இரண்டு மூன்று மடங்கு தூவிவிடுகிறார்கள். 10 கிராம் விதையோடு சலித்த காய்ந்த மணல் ஒரு படி கலந்து, பாதியை நீளவாட்டிலும் மீதியைக் குறுக்குவாட்டிலும் தூவினால் சீராக விழும். அரை சென்டிமீட்டருக்கு மேல் மண் மூட வேண்டாம். முளைக்கும்வரை பூவாளியால் லேசாகத் தெளியுங்கள். காலையில் தண்ணீர் விட்டால் மாலைக்குள் மேல்மண் உலர்ந்துவிடும். இரவெல்லாம் ஈரமாகக் கிடக்கும் பாத்தியில்தான் சாய்வு அதிகம்.

சாய ஆரம்பித்துவிட்டால் தண்ணீரை ஒருநாள் நிறுத்தி, வட்டத்துக்கு வெளியே ஒரு சாண் நல்ல நாற்றையும் சேர்த்து மண்ணோடு எடுத்துவிடுங்கள். கோஸ், லெட்யூஸ் நாற்றங்காலாக இருந்தால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்துச் சதுர மீட்டருக்கு 4 லிட்டர் வீதம் மண் நனைய ஊற்றலாம், அதை எடுத்து நட்டு வளர்க்க மாதங்கள் இருக்கின்றன. மூன்று வாரத்தில் பிடுங்கித் தின்னும் சிறுகீரைக்கு இதைச் செய்யாதீர்கள். அங்கே சூடோமோனாஸ் (நோயை அடக்கும் நல்ல பாக்டீரியாத் தூள்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஊற்றிவிட்டு, காலியான இடத்தில் மறுவிதைப்புச் செய்வதே மேல்.

வாடல் வந்த கீரைக்கு எந்த மருந்து ஊற்றினால் நிமிரும்?

குழாய்க்குள் பூஞ்சாணம் புகுந்த செடியை நிமிர்த்தும் மருந்து இல்லை. கடையில் கார்பென்டாசிம் கொடுப்பார்கள். அது செடிக்குள் ஊடுருவி இலைக்குப் போய்ச் சேரும் மருந்து. நாம் பறித்து விற்பதோ அந்த இலையைத்தான். கத்தரியிலோ தக்காளியிலோ காய் வருவதற்கு நாள் இருக்கிறது, கீரையில் அந்த இடைவெளி இல்லை. கீரை வகைகளுக்கென்று பதிவாகியுள்ள பூஞ்சாணக்கொல்லிகளும் மிகக் குறைவு. எந்த டப்பா கொடுத்தாலும் லேபிளில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா, கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதா, இரண்டையும் பாருங்கள். இல்லாவிட்டால் கீரைக்கு வேண்டாம். உழவர் சந்தையில் காலையில் கட்டு வாங்குகிறவர் அன்று மதியமே பிள்ளைக்குச் சமைத்துப் போடுகிறார்.

நிற்கும் பயிரில் செய்யக்கூடியது நோயைச் சுற்றிவளைத்து நிறுத்துவதுதான். வாடிய செடிகளை மண்ணோடு எடுத்துச் சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோங்கள், பாத்தி வழியே இழுத்துச் செல்லாதீர்கள். எடுத்த குழியிலும் சுற்றி இரண்டு சாண் அகலத்துக்கும் சூடோமோனாஸ் கரைசல் ஊற்றுங்கள். வாய்க்காலில் நோயுள்ள பாத்தி வழியாக அடுத்த பாத்திக்குத் தண்ணீர் ஓடுவதை அன்றே அடைத்துவிடுங்கள். நல்ல பாத்திகளுக்கு முதலில் பாய்ச்சி, நோய்ப் பாத்திக்குக் கடைசியாக விடுங்கள். களையெடுப்பும் அதே வரிசையில். களைக்கொத்தில் ஒட்டிய மண்ணை அங்கேயே தட்டிக் கழுவிவிட்டு வெளியே எடுங்கள். மீதிப் பயிர் அறுவடைக்கு நாலைந்து நாள்தான் பாக்கி என்றால் காத்திருக்காமல் முன்கூட்டியே அறுத்து விற்றுவிடுவது நல்லது.

விரிடி போட்டும் பலன் இல்லை. ஏன்?

டிரைக்கோடெர்மா விரிடி உயிருள்ள பூஞ்சாணம். உயிரோடு இருந்தால்தான் அது மற்றப் பூஞ்சாணத்தை அடக்கும். கேட்காமல் போவதற்குப் பெரும்பாலும் கீழே சொல்லும் காரணங்களில் ஒன்றுதான் இருக்கும்.

பாக்கெட் பழையது. டால்க் தூளில் கலந்து வருவது நாலைந்து மாதத்தில் வீரியம் இழக்கத் தொடங்கும். தயாரித்த தேதி பார்த்து வாங்க வேண்டும், தகரக் கொட்டகைக்குள் வெயில் காயும் இடத்தில் வைத்திருந்தால் தேதி சரியாக இருந்தாலும் உள்ளே உயிர் இருக்காது. அடுத்தது, நோய் வந்தபின் போட்டது. விரிடி முன்னால் போய் இடம்பிடிக்க வேண்டியது. வேரைப் பிடித்துக்கொண்ட நோயைத் துரத்துவதற்கானதல்ல. மூன்றாவது, வெறும் மண்ணில், உச்சிவெயிலில் தூவியது. ஈரமும் மட்கும் இல்லாத மண்ணில் அது பெருகாது. நான்காவது, அதே வாரத்தில் கார்பென்டாசிமும் ஊற்றியது. அந்த மருந்து விரிடியையும் சேர்த்தே கொன்றுவிடும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 15 நாள் வேண்டும். சூடோமோனாஸ் பாக்டீரியா என்பதால் அதைக் காப்பர் மருந்தோடு சேர்க்கக் கூடாது.

சரியான முறை இது. நன்றாக மட்கிய தொழுவுரம் 100 கிலோவை நிழலில் கொட்டி, வேப்பம் புண்ணாக்குத் தூள் 10 கிலோ சேர்த்து, விரிடி ஒரு கிலோவைத் தூவிக் கிளறுங்கள். ஈரம் கையில் பிடித்துப் பிசைந்தால் உருண்டை பிடிக்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. முழங்கால் உயரத்துக்கு மேல் குவிக்காமல் பரப்பி, நனைந்த சாக்கால் மூடுங்கள். நாலு நாளுக்கு ஒருமுறை கிளறி, காய்ந்திருந்தால் தண்ணீர் தெளித்து மறுபடி மூடுங்கள். 15 நாளில் உரத்தின் மேல் பச்சைப் படலம் தெரியும். இந்த அளவு ஒரு ஏக்கருக்கு. கடைசி உழவில், சாயங்கால வேளையில் தூவி மண்ணோடு கலந்துவிட வேண்டும். முந்தைய பயிர் வாடிய நிலமானால் அளவை இரட்டிப்பாக்குங்கள். பச்சைச் சாணத்தில் இதைச் செய்தால் அதன் சூட்டிலேயே விரிடி வெந்துவிடும்.

நிலத்தின் தன்மையும் பார்க்க வேண்டும். விரிடிக்கு லேசான அமில மண் ஒத்துவரும், ஏற்காட்டு மண்ணில் நன்றாகப் பிடிக்கும். காரத்தன்மை உள்ள சமவெளி நிலத்தில் சூடோமோனாஸையும் தவறாமல் சேர்த்துக்கொள்வது நல்லது: ஏக்கருக்கு ஒரு கிலோ, 20 கிலோ மட்கிய உரத்தில் கலந்து.

விதை நேர்த்தி எப்படி?

கிலோ விதைக்கு விரிடி 4 கிராம், அல்லது சூடோமோனாஸ் 10 கிராம். ஆறிய வடிகஞ்சியை விதை மினுமினுக்கும் அளவுக்கு மட்டும் தெளித்து, தூளைப் போட்டுக் குலுக்கி, நிழலில் அரை மணி உலர்த்தி அன்றே விதையுங்கள். கஞ்சி கூடினால் சிறுவிதை கட்டிகட்டியாகிவிடும். கடையில் வாங்கிய விதை சிவப்போ நீலமோ சாயம் பூசி வந்தால் ஏற்கெனவே ரசாயனப் பூஞ்சாணக்கொல்லி ஏற்றியிருக்கிறது, அதன்மேல் விரிடி போடுவது வீண். கொத்தமல்லிக்குத் தனியாவை மெதுவாகத் தேய்த்து இரண்டாக உடைத்தபின் நேர்த்தி செய்ய வேண்டும், முன்னால் செய்தால் உடைக்கும்போதே தூள் உதிர்ந்துவிடும்.

புதினாவுக்கும் பொன்னாங்கண்ணிக்கும் விதை கிடையாது, தண்டுதான். நோயும் தண்டோடேயே வரும். வாடிய தோட்டத்திலிருந்து, விலை மலிவு என்று தண்டு வாங்காதீர்கள். நல்ல தோட்டத்துத் தண்டையும் சூடோமோனாஸ் லிட்டருக்கு 5 கிராம் கரைசலில் அரை மணி நேரம் மூழ்க வைத்தே நடுங்கள்.

கொத்தமல்லி வாடிய பாத்தியில் அடுத்து என்ன போடலாம்?

நோயின் பெயர் தெரிந்திருந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். பியூசேரியத்தில் ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனி இனம் உண்டு. கொத்தமல்லியை வாட்டும் இனம் பொதுவாகத் தண்டுக்கீரையைத் தொடாது. ஆகவே வெட்டிப் பார்த்து அது பியூசேரியம்தான் என்று தெரிந்தால் அந்தப் பாத்தியில் கீரை வகை போடலாம். கொத்தமல்லியை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். அதன் உறங்குவித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும், ஒரு போகம் மாற்றிவிட்டு அடுத்த போகமே திரும்பி வருவது பயன் தராது.

ஸ்கிளிரோஷியம், ரைசக்டோனியா, மேக்ரோபோமினா என்றால் கதை வேறு. இவை கிடைத்ததையெல்லாம் தின்னும். இவற்றில் ஸ்கிளிரோஷியத்தையும் ரைசக்டோனியாவையும் சோளம், மக்காச்சோளம் போன்ற புல்லினப் பயிரை இரண்டு போகம் போடுவதுதான் ஓரளவு குறைக்கும். மேக்ரோபோமினா சோளத்தையும் மக்காச்சோளத்தையும் தாக்கும் என்பதால் அதற்கு இதை நம்ப வேண்டாம். கோடையில் ஒருமுறை மண்ணைப் புரட்டும் கலப்பையால் ஆழ உழுதால் ஸ்கிளிரோஷியம் உருண்டைகள் அடிக்குப் போய் முளைக்காமல் கெடும். தண்ணீர் வசதி உள்ள நிலத்தில் இடையில் ஒரு போகம் நெல் நட்டு நிறுத்துவதும் பல மண்நோய்களைக் குறைக்கும்.

முன்பயிரை நினைத்துப் பாருங்கள். நிலக்கடலையில் தண்டழுகல் வந்த கொல்லையில் கீரை போட்டால் அதே கடுகு உருண்டைகள் காத்திருக்கும். மஞ்சளில் கிழங்கழுகல் வந்த வயலில் பித்தியம் தங்கியிருக்கும், அங்கே மேட்டுப்பாத்தி இல்லாமல் கீரை விதைப்பது ஆபத்து. ஒரு மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம், இடையே ஓரடி வடிகால் வைத்துப் போடுங்கள். வேர்முடிச்சு இருந்த இடத்தில் ஒரு போகம் செண்டுமல்லி வைத்து, பூ எடுத்தபின் வேரோடு மடக்கி உழலாம். நூற்புழு வேரில் போடும் ஓட்டை வழியாகத்தான் பியூசேரியம் சுலபமாக நுழைகிறது என்பதால் புழு குறைந்தாலே வாடலும் குறையும்.

பாலித்தீன் போர்த்தி மண்ணைச் சூடாக்குவது நம் ஊரில் சரிப்படுமா?

சேலம், ஆத்தூர், எடப்பாடிச் சமவெளியில் மிக நன்றாக. கத்திரி வெயிலைக் காசில்லாமல் மருந்தாக்கும் வேலை இது. பயிர்த் தூர்களை எல்லாம் எடுத்து, கட்டி உடைத்து, பாத்தியைப் பலகைபோலச் சமப்படுத்தி, அரையடி ஆழம் நனையத் தண்ணீர் கட்டுங்கள். மறுநாள் 25 மைக்ரான் கனமுள்ள ஒளி ஊடுருவும் வெள்ளை பாலித்தீனை மண்ணை ஒட்டி இழுத்து விரித்து, நான்கு ஓரமும் அரையடி மண்ணுக்குள் புதைத்து மிதித்துவிடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், அது தானே சூடாகுமே தவிர மண்ணுக்குள் அவ்வளவு சூட்டை இறக்காது. நான்கு முதல் ஆறு வாரம் அப்படியே இருக்க வேண்டும். நாய் ஓடிக் கிழித்த ஓட்டையை டேப் போட்டு அன்றே மூடுங்கள், அதன் வழியே சூடும் ஈரமும் போய்விடும். கோடை மழை பெய்து தாளின்மேல் தேங்கினால் வழித்துவிடுங்கள்.

தாளை எடுத்தபின் ஆழ உழுவது பெருந்தவறு. மேல் நாலைந்து அங்குலத்தில்தான் நோய் செத்திருக்கும், உழுதால் அடியில் உயிரோடிருப்பது மேலே வரும். மேலாகக் கிளறி, விரிடி ஏற்றிய உரம் போட்டு விதையுங்கள். பித்தியம், வெர்டிசிலியம், களை விதை இவற்றுக்கு இது நன்றாக வேலை செய்யும். பியூசேரியத்துக்கு ஓரளவு. மேக்ரோபோமினா சூட்டைத் தாங்கும், அதற்கு இதை மட்டும் நம்ப வேண்டாம்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் வெயிலுக்கு அந்தச் சூடு கிடையாது, தாள் செலவு தண்டம். அங்கே கடுகைப் பயிரிட்டு, பூக்கும் நேரத்தில் பொடியாக நறுக்கி அன்றே மண்ணில் மடக்கி, தண்ணீர் விட்டு மூன்று வாரம் மூடி வைக்கலாம். கடுகு அழுகும்போது வரும் காரமான ஆவி மண்நோய்களை அடக்கும். ஆனால் அடுத்த பயிர் கோஸ் என்றால் இதைச் செய்யாதீர்கள், இரண்டும் ஒரே குடும்பம்.

மலையில் கோஸும் லெட்யூஸும் வாடுகின்றன. சமவெளி நோய்கள்தானா?

சில வேறு. கோஸ் மதியம் வாடி இரவில் நிமிர்ந்து, நாளாக ஆகக் குட்டையாக நின்றால் பிடுங்கிப் பாருங்கள். வேர் விரல் விரலாகத் தடித்து வீங்கியிருந்தால் வேர்வீக்க நோய், குளிர்ந்த அமில மண்ணின் நோய் அது. இலை விளிம்பில் முக்கோண மஞ்சளும் கறுத்த நரம்பும் இருந்தால் கருப்பழுகல், பாக்டீரியா. ஒரு பக்கம் மஞ்சளாகி, நரம்பு பழுப்பாகி, இலை உதிர்ந்தால்தான் பியூசேரியம். அதற்குத் தாங்கும் திறனுள்ள கோஸ் ரகங்கள் விற்பனையில் உண்டு, விதை பாக்கெட்டில் பியூசேரியம் எதிர்ப்பு என்று குறித்திருப்பார்கள்.

லெட்யூஸில் முதன்மை வேரை நெடுக்காகப் பிளக்க வேண்டும். செம்பழுப்புக் கோடு இருந்தால் பியூசேரியம். கரும்பச்சைக் கோடாக இருந்து, தலைகட்டும் பருவத்தில் வெளியிலைகள் வாடினால் வெர்டிசிலியம். அடியிலை கூழாகி, வெள்ளைப் பஞ்சில் ஒழுங்கற்ற கறுப்புக் கட்டிகள் இருந்தால் ஸ்கிளிரோட்டினியா. இதற்கு இடைவெளி விட்டு நடுவதும், மதியத்துக்கு மேல் தெளிப்புநீர்ப் பாசனத்தை நிறுத்துவதும் முதல் வேலை.

சுண்ணாம்பு போட்டால் வாடல் நிற்குமா?

மலையில் பயன் உண்டு. அமில மண்ணைத் திருத்தினால் பியூசேரியமும் வேர்வீக்கமும் குறையும். காபித் தோட்டத்துக்குப் போடும் அதே விவசாயச் சுண்ணாம்பு அல்லது டோலமைட்தான், மண் பரிசோதனை சொல்லும் அளவில், நடவுக்கு ஒரு மாதம் முன்பே. வெர்டிசிலியம் உள்ள இடத்தில் கார அமில நிலையைத் தேவைக்கு மேல் ஏற்ற வேண்டாம், அது காரத்தை வெறுக்காது. சேலம் நகரைச் சுற்றி மேக்னசைட் படிவம் உள்ள சுண்ணாம்புக்கரடுப் பக்கத்து நிலங்களில் மண் பரிசோதனை இல்லாமல் ஒரு பிடி சுண்ணாம்பும் போடாதீர்கள். அங்கே டோலமைட் இன்னும் மோசம், ஏற்கெனவே மெக்னீசியம் மிதமிஞ்சிய மண்ணில் அது மேலும் மெக்னீசியத்தைச் சேர்க்கும்.

இலை மஞ்சளானதும் யூரியா வீசினேன், இன்னும் வாடுகிறது.

யூரியா மண்ணில் முதலில் அம்மோனியமாக மாறும். அம்மோனியம் வடிவத் தழைச்சத்து பியூசேரியத்துக்குச் சாதகம். கொழுத்த இளந்தண்டில் அழுகலும் எளிதில் ஏறும். அடியிலை மட்டும் மஞ்சளானால் முதலில் வெட்டிப் பாருங்கள், வெட்டுமுகம் சுத்தமாக இருந்தால்தான் உரக்குறை. அரைக்கீரையில் ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் உரம் தேவைதான், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுங்கள். சாம்பல்சத்தைத் தவறவிடாதீர்கள். அறுத்த தூரில் காயம் ஆறும்வரை ஒருநாள் தண்ணீர் கட்டாமல் இருப்பதும் நல்லது.

வாடிய கீரையை மாட்டுக்குப் போடலாமா? உரக்குழியில் போடலாமா?

இரண்டும் வேண்டாம். பூஞ்சாணத்தின் கெட்டியான வித்துகள் மாட்டின் வயிற்றையும் தாண்டிச் சாணத்தோடு வரக்கூடும், அந்தச் சாணம் மீண்டும் உங்கள் பாத்திக்கே வரும். சாதாரண உரக்குழியின் சூடும் அவற்றைக் கொல்லப் போதாது. காயவைத்து எரியுங்கள், அல்லது பாத்திக்கும் தண்ணீர் ஓட்டத்துக்கும் எட்டாத இடத்தில் ஆழமாகப் புதையுங்கள்.

மாடித்தோட்டப் பையில் வாடினால்?

முதலில் பையின் அடி ஓட்டைகளைப் பாருங்கள். தேங்காய் நார்க் கழிவு அதிகமுள்ள கலவை மேலே காய்ந்து தெரிந்தாலும் அடியில் சொதசொதவென்று இருக்கும், பாதி வாடல் அதனால்தான். நோய் என்றால் அந்தக் கலவையை வேறு பைகளோடு கலக்காமல், நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் பையில் அரையடி கனத்துக்கு மேல் இல்லாமல் கட்டி, மொட்டைமாடி வெயிலில் ஆறு வாரம் போட்டு வைத்தபின் விரிடி கலந்து பயன்படுத்தலாம்.

எங்கே காட்டிக் கேட்பது, மாதிரி எப்படி எடுப்பது?

சமவெளியில் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம், மலையில் ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம். போனில் கேட்க கிசான் கால் சென்டர் 1800 180 1551.

வாட ஆரம்பித்த செடி நாலைந்து, நல்ல செடி ஒன்று, வேரோடும் ஒரு பிடி மண்ணோடும் கிளப்புங்கள். கழுவ வேண்டாம். வேர்ப்பகுதியை மட்டும் பாலித்தீனில் கட்டி, மேற்பகுதியைச் செய்தித்தாளில் சுற்றுங்கள். முழுச் செடியையும் பாலித்தீனில் அடைத்தால் போய்ச் சேர்வதற்குள் வியர்த்து அழுகி, எது நோய் எது அழுகல் என்று தெரியாமல் போய்விடும். காலையில் எடுத்து அன்றே கொண்டுபோங்கள், வெள்ளிக்கிழமை மதியம் அனுப்பினால் திங்கள்வரை கட்டுக்குள்ளேயே கிடக்கும். கூடவே ஒரு சீட்டில் பயிர், ரகம், விதைத்த தேதி, முன்பயிர், எப்படித் தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள், இதுவரை என்னென்ன ஊற்றினீர்கள், வாடல் திட்டாகவா பரவலாகவா என்று எழுதி வையுங்கள். முழுப் பாத்தியும் தெரிய ஒரு படம், வெட்டிய தண்டை அருகில் வைத்து ஒரு படம் செல்போனில் எடுத்துக்கொண்டு போங்கள்.